மும்பை டோங்ரியும் நார்வே கால்சட்டையும்

நாம் ஜீன்ஸ் என்று சொல்லும் உடைக்கு நார்வேயில் அன்றாடம் புழங்கும் பெயர்களில் ஒன்று 'டொங்கெரிபுக்ஸெ'. காதுக்கு அசல் நார்வேச் சொல்லாகவே படும். அதன் முன்பாதி கப்பலேறியதோ மும்பையில்!

'டொங்கெரி' துணியின் பெயர், 'புக்ஸெ' கால்சட்டை. நம் பட்டுப்புடவையைப் போல, எதனால் ஆனது என்பது முன்னே வர, என்ன உடை என்பது பின்னே வருகிறது. இத்தகைய தொகைச்சொற்களை இடைவெளி விடாமல் சேர்த்தெழுதுவதே நார்வே மொழியின் விதி.

டொங்கெரி வந்தது ஆங்கிலத்தின் 'டங்கரீ' என்ற சொல்லிலிருந்து. ஆங்கிலத்துக்கு அதைத் தந்தது இந்தியின் 'டுங்க்ரீ'. பம்பாய்க் கோட்டைக்கு அருகிலிருந்த டோங்ரியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணிக்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மராத்தியில் 'டோங்கர்' என்றால் மலை. 'டோங்ரி' சிறு குன்று. யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலும் இந்தத் துணிக்கு இடமுண்டு. மாலுமிகளும் உடலுழைப்பாளிகளும் உடுத்திய துணி இது.

பின்பாதியும் சுவையானதுதான். 'புக்ஸெ' இடைக்காலக் கீழ் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. கடா என்பதற்கும் காலுடை என்பதற்குமான இரண்டு சொற்கள் ஒட்டித் தேய்ந்து உருவானது. அதாவது, தோல் கால்சட்டை. ஆக, பருத்தியின் பெயரும் தோலின் பெயரும் ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன.

அண்டை நாடான டென்மார்க்கில் இதே உடைக்கு 'கவ்பாய் கால்சட்டை' என்று பொருள்படும் பெயர். 'ஜீன்ஸ்' இத்தாலியின் ஜெனோவா நகரையும், 'டெனிம்' பிரான்சின் நீம் நகரையும் சுட்டுகின்றன. நார்வேயின் சொல்லில் இருப்பதோ இந்தியத் துணி.

இது தனிக்கதை அல்ல. நார்வே மொழியின் 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'கர்ரி' நம் கறி. இரண்டும் ஆங்கிலத்தின் வழியே போய்ச் சேர்ந்தவை. ஒரு சொல்லை 'ஆங்கிலக் கடன்' என்று முத்திரை குத்திவிட்டால் அதை நெய்தவரும் கட்டியவரும் சமைத்தவரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அகராதியில் 'ஆங்கிலத்திலிருந்து' என்று கண்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஆங்கிலத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.