எச்சரிக்காத உதவிக் குறிப்பு

இடுபணியை ஒப்படைக்க அரை மணி நேரமே இருந்தது. அறிக்கை ஒரு கோப்பு, நிரல் இன்னொரு கோப்பு. இரண்டையும் சுருக்கி ஒன்றாக்க, 'டார்' கட்டளையைச் 'சி, இசட், எஃப்' எழுத்துகளுடன் தட்டினேன். அடுத்து அறிக்கையின் பெயர், பிறகு நிரலின் பெயர். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அறிக்கையைத் திறந்தால் புரியாத குறிகள்!

'எஃப்' எழுத்துக்குப் பின் வருவது, உருவாகப்போகும் தொகுப்பின் பெயர். அதை நான் எழுதவில்லை. ஆகவே கணினி அறிக்கையின் மேலேயே தொகுப்பை எழுதிவிட்டது. உள்ளே இருந்தது நிரல் மட்டும்.

உதவிக் குறிப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள். 'எஃப்' பற்றிய வரியோ, தொகுப்புக் கோப்பையோ சாதனத்தையோ பயன்படுத்தலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. பழைய கோப்பு அழியும் என்ற எச்சரிக்கை அங்கில்லை. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த டார், காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிக்க உருவானது; 'சாதனம்' என்ற சொல் அந்தக் காலத்தின் மிச்சம். தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். புதிதாகக் கற்பவருக்குப் போதாது.

அறிக்கையை மீண்டும் எழுதி, தாமதமாக ஒப்படைத்து, மதிப்பெண் இழந்தேன். இப்போது நான் எழுதும் நிரல்களின் உதவிக் குறிப்பில், எது அழியக்கூடும் என்பதே முதல் வரி. நண்பர்களே, நீங்களும் சுருக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்!