ஊர் கூடி எழுதும் நூல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அண்டை ஊர்களாக விளங்குகின்றன. ஆடிப்பூர நாளில் திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் பெருந்தேர் ஓடும். ஊர் கூடி வடம் பிடித்தாலன்றி அத்தேர் நிலையைவிட்டு நகராது. அறிவைத் தொகுக்கும் பணியும் அத்தகையதே.

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அறிஞர் பலர் கூடி ஆற்றிய அரும்பணி அது. எனினும் அச்சேறிய சொல் மாறுவதில்லை. உலகமோ மாறிக்கொண்டே இருக்கிறது. அந்நாளில் இவ்விரண்டு ஊர்களும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தில் சேர்ந்தன. இவ்வூர்களை அடுத்த மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. இத்தகைய மாற்றங்களைச் சேர்க்க, அச்சு நூல் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

இணையம் தோன்றியபின் இக்குறையை நீக்கும் வழி பிறந்தது. 2000-இல் அமெரிக்காவில் நூப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பெற்றது. அதில் ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளைக் கடந்த பின்னரே வெளிவரும். ஆதலின் முதல் ஆண்டில் 21 கட்டுரைகளே முற்றுப்பெற்றன. அதனை நடத்தியோர் வேறோர் எழுதுகளத்தை நாடினர். படிப்பவரே திருத்தவும் இயலுமாறு, வார்டு கன்னிங்காம் என்பார் 1995-இல் அமைத்த 'விக்கி' முறை அவர்களுக்குக் கைகொடுத்தது. ஹவாய் மொழியில் விக்கி என்பது விரைவைக் குறிக்கும். 2001-இல் விக்கிப்பீடியா பிறந்தது; 2003-இல் தமிழிலும் அது தொடங்கிற்று.

எவரும் திருத்தலாம் எனின், பிழை புகாதோ? புகும். வடம் பிடிப்போர் பலராயினும், சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுவோர் இல்லையேல் தேர் தடம் மாறும் அன்றோ? விக்கியில் அப்பணியைச் செய்வது பழம்பதிவு. எம்மாற்றம் எப்பொழுது, எவரால் செய்யப்பட்டது என்பது அதில் நிலைத்திருக்கும். இராசபாளையத்து மாணவன் ஒருவன் கோபுரத்தின் உயரத்தைத் தவறாக எழுதினால், திருவில்லிபுத்தூர் மாணவி அதனைத் தக்க சான்றுடன் திருத்தலாம். நன்றாக இருந்ததை ஒருவர் கெடுத்துவிட்டாலும் முன்னைய வடிவத்தை மீட்கலாம். கருத்து வேறுபட்டால் உரையாடித் தெளியத் தனிப்பக்கமும் உண்டு.

மற்றொரு சிறப்பும் உண்டு. விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி ஒரு கட்டற்ற மென்பொருள். எவரும் அதனைப் பெறலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். கட்டுரைகளையும், எழுதியோரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின்கீழ் எவரும் படியெடுக்கலாம். ஆகவே ஒரு களம் மூடப்படினும், படியெடுத்தவர் வேறிடத்தில் அதனைத் தொடர்ந்து நடத்தலாம். பலர் கூடி மென்பொருள் ஆக்குவோரும் அதன் விளக்க நூலை இத்தகைய களங்களில் எழுதுகின்றனர்.

எனவே, பலர் கூடி எழுதக் களம் தேடுவோர் அழகை மட்டும் நோக்குதல் போதாது. எழுதுதல் எளிதா? பழைய வடிவம் காக்கப்படுமா? எழுதியதை வேறிடத்திற்கு எடுத்துச் செல்ல உரிமை உண்டா? இம்மூன்றையும் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும். பலரின் உழைப்பு ஒருவரின் பூட்டுக்குள் அகப்படலாகாது; ஊர் இழுத்த தேர் ஊருக்கே உரியது.