காலி பஸ் எல்லாம் நஷ்ட பஸ்தானா?
கிலோமீட்டர் கணக்கு சொல்லும் உண்மை

இரவு பத்து மணிக்கு மேல் தொம்மலூர் பஸ் நிலையத்தைக் கடந்து செல்லும் பஸ்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தாலே அதிகம். ஓட்டல் வேலை முடிந்தவர், காவல் வேலைக்குப் போகிறவர், இரண்டாவது ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறவர் என்று எல்லாரும் உழைப்பாளிகள். அந்த பஸ்ஸைப் பார்க்கிற எவரும், "இதை ஓட்டினால் நஷ்டம்தானே, நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்பது இயல்பு.

ஆனால், அடக்கவிலைக் கணக்கு தெரிந்தவர்கள் அவ்வளவு சுலபமாக அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். நிறுத்தினால் நஷ்டம் கூடுகிற பஸ்களும் உண்டு!

இரண்டே எண்கள்

பெங்களூரில் 1956-ல் பஸ் போக்குவரத்தை அரசு ஏற்றது. பி.டி.எஸ். என்ற அதன் மூன்றெழுத்துப் பெயருக்கு, "பிட்ரே திர்கி சிகல்லா" (விட்டால் திரும்பக் கிடைக்காது) என்று கன்னடத்தில் வேடிக்கையாக விளக்கம் சொல்வார்கள். 1997-ல் நகர பஸ்களுக்கென்று பி.எம்.டி.சி. என்ற தனிக் கழகம் பிறந்தது. இன்று அதனிடம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் உள்ளன.

இத்தனை பஸ்களையும் கழகம் இரண்டே எண்களால் எடை போடுகிறது. ஒரு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் செலவு ஒன்று. அந்த ஒரு கிலோமீட்டரில் கிடைக்கும் வருவாய் மற்றொன்று. ஜவுளிக்கடையில் மீட்டர், அரிசிக்கடையில் கிலோ என்பதுபோல, பஸ்ஸுக்குக் கிலோமீட்டர்தான் அளவு.

2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண பஸ்களில் இலவசப் பயணம் வந்திருக்கிறது. கண்டக்டர் பையில் விழும் பணம் குறைந்தாலும், பெண்களுக்குக் கொடுக்கும் டிக்கெட்டின் மதிப்பு தனியே குறிக்கப்படுகிறது. அதை அரசு கழகத்துக்கு ஈடு செய்ய வேண்டும். ஆகவே, வசூல் பையை மட்டும் பார்த்து ஒரு ரூட்டை எடை போட முடியாது.

மாறும் செலவு, மாறாத செலவு

செலவு இரண்டு வகைப்படும். பஸ் ஓடினால் மட்டும் ஆகிற செலவு மாறும் செலவு. டீசல், ஆயில், டயர் தேய்மானம் ஆகியவை இதில் சேரும். பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற செலவு மாறாத செலவு. நிரந்தர ஊழியர் சம்பளம், டிப்போ நிர்வாகம், பஸ் வாங்கிய கடனுக்கு வட்டி போன்றவை இதில் அடங்கும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு மொத்தச் செலவு 70 ரூபாய். அதில் மாறும் செலவு 25, மாறாத செலவு 45. கடைசி டிரிப் 20 கிலோமீட்டர். வசூல் 800 ரூபாய்.

மொத்தச் செலவு 1,400 ரூபாய் ஆகிறது. ஆகவே நஷ்டம் 600 ரூபாய். "நிறுத்து" என்று சொல்லத் தோன்றும்.

நிறுத்தினால் என்ன ஆகும்? மிச்சமாவது டீசலும் டயரும் சேர்ந்த 500 ரூபாய்தான். மாறாத செலவான 900 ரூபாய் அப்படியே நிற்கும். வசூல் 800 ரூபாயோ போயே போய்விடும். 600 ரூபாயாக இருந்த நஷ்டம் 900 ரூபாயாக உயரும்! ஓடுகிறவரை அந்த பஸ் தன் டீசல் செலவைக் கொடுத்துவிட்டு, டிப்போ செலவுக்கும் 300 ரூபாய் தந்துகொண்டிருந்தது. இதைத்தான் இறுதிநிலை அடக்கவிலை முறை என்கிறார்கள்.

ஏ, பி, சி

இந்த அடிப்படையில் அரசு பஸ் கழகங்கள் தங்கள் ஓட்டங்களை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். மொத்தச் செலவையும் ஈட்டுவது ஏ. மாறும் செலவை ஈட்டி, மேற்கொண்டும் ஓரளவு தருவது பி. டீசல் காசுகூடத் தேறாதது சி. கத்தி விழ வேண்டுமானால் முதலில் சி மீதுதான் விழ வேண்டும். அங்கும் நேரத்தை மாற்றி, வழியை மாற்றிப் பார்த்த பிறகே விழ வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லா பஸ்களும் பி ஆகவே இருந்தால் கழகம் பிழைக்காது. பழைய பஸ்ஸுக்குப் பதில் புது பஸ் வாங்கப் பணம் இராது. அதே பஸ்ஸை, அதே நேரத்தில் வேறு ரூட்டில் விட்டால் அதிகம் கிடைக்குமானால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால், இரவு கடைசி டிரிப்பை நிறுத்தினால் அந்த பஸ் வேறு எங்கே ஓடப் போகிறது? டிப்போவில்தான் நிற்கும்.

யார் தலையில்?

தொம்மலூருக்கு இத்தகைய கணக்கு புதிதல்ல. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் பழைய தமிழ்க் கல்வெட்டுகள், எந்த நிலத்தின் வருவாய் சொக்கப்பெருமாளுக்கு உரியது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கின்றன. எந்த வரவு எதற்கு என்று அன்றே பிரித்தார்கள். எந்தச் செலவு யாருக்கு என்று பிரிப்பது இன்றைய அடக்கவிலைக் கணக்கரின் வேலை.

தலைமை அலுவலகச் செலவு எல்லா ரூட்டுக்கும் பொது. அதைக் கிலோமீட்டர்படி பங்கிட்டால் நீண்ட ரூட்டுக்குச் சுமை. பஸ் எண்ணிக்கைப்படி பங்கிட்டால் குட்டி ரூட்டுக்குச் சுமை. பங்கிடும் முறையை மாற்றினாலே லாப ரூட் நஷ்ட ரூட்டாகிவிடும். டிப்போவிலிருந்து முதல் ஸ்டாப்புக்கு ஆளில்லாமல் வரும் வெறும் ஓட்டமும் செலவுதான். அது பயணிகளின் குற்றமல்ல.

தொழிலாளிக்கும் இதில் சங்கதி உண்டு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முன்கூட்டியே ஓர் அளவு வைத்து, உண்மையில் ஓடியதோடு ஒப்பிடுவது நியம அடக்கவிலை முறை. டீசல் செலவு கூடினால், விலை ஏறியதால் எவ்வளவு, அதிகம் குடித்ததால் எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும். விலை ஏற்றத்துக்கு டிரைவரைக் குறை சொல்ல முடியாது. நெரிசலில் ஊர்ந்ததற்கும் அவர் பொறுப்பல்ல.

இந்தக் கலைக்கு இந்தியாவில் அமைப்பு ஏற்பட்டது போர்க்காலத்தில், 1944-ல். 1959-ல் தனிச் சட்டம் மூலம் அது சட்டபூர்வக் கழகமாயிற்று. இன்று குறிப்பிட்ட சில தொழில்களில் அடக்கவிலைத் தணிக்கை சட்டப்படி கட்டாயம்.

மெஸ்ஸுக்கும் பொருந்தும்

சிறு மெஸ், தையல் கடை நடத்துவோருக்கும் இதே பாடம்தான். வாடகையும் ஆள் சம்பளமும் ஏற்கெனவே நிற்கின்றன. மாலை நேரத்தில் குறைந்த விலைக்கு நாற்பது சாப்பாடு ஆர்டர் வந்தால், அரிசி, காய்கறி, காஸ் செலவுக்கு மேல் கிடைக்குமா என்று பார்த்து ஒப்புக்கொள்ளலாம். அதே விலையைத் தினசரி விலையாக்கினால் கடையை மூட வேண்டியதுதான். இன்னொன்று: சொந்தக் கடையில் தாமும் மனைவியும் செய்யும் வேலைக்குக் கூலி எழுதாதவர்கள், இல்லாத லாபத்தை லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, உங்கள் பகுதி பஸ்ஸை நஷ்டம் என்று சொல்லி நிறுத்தினால், டிப்போ மேலாளருக்கு எழுதும் மனுவில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஓட்டம் மாறும் செலவையாவது ஈட்டியதா? பொதுச் செலவை எந்த முறையில் இதன் தலையில் ஏற்றினீர்கள்? நிறுத்திய பஸ் அந்த நேரத்தில் இப்போது எங்கே ஓடுகிறது? மூன்றுக்கும் எண்களால் பதில் கிடைத்தால், நிறுத்தியது நியாயமா என்பது தானே விளங்கிவிடும்.