காதுகுத்துக்கு எந்த மோட்?

விசேஷ வீடுகளில் இன்று ஆளுக்கொரு கேமரா. ஆனால் வேண்டிய படம் மட்டும் சரியாக விழுவதில்லை. மறையூர் வீடு ஒன்றில் கற்றுக்கொண்ட கதை.

காலை ஆறரை மணி முகூர்த்தம். மறையூரில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் வந்திருக்கும், வெயில் வந்திருக்காது. ஊரைச் சுற்றி மலை. சூரியன் மலையேறி எட்டிப் பார்ப்பதற்குள் பந்திக்கு இலை போட்டுவிடுவார்கள். ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு டியூப் லைட், ஒரு குத்துவிளக்கு. தாய்மாமன் மடியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. (சந்தனக் காட்டுக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் தலையில் பூசியது கடையில் வாங்கிய வில்லை. மரங்கள் வேலிக்குள் வனத்துறையின் காவலில் இருக்கின்றன.) ஆசாரி கம்பியை எடுத்தார். இடது காது, வலது காது, வீறிட்ட அழுகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொள்ளுப்பாட்டி குனிந்து, பிள்ளையின் வாயில் ஒரு துளி வெல்லத்தை வைத்தார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது.

கூடத்தில் எட்டு, ஒன்பது செல்போன்கள். என் கையில் மட்டும் 'நல்ல கேமரா'. ஆகவே முன்வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பாட்டி காலமானார். சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் தேடினார்கள். கேமராவைக் கண்டாலே முந்தானையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறவர் அவர். இருந்தது அன்றைக்கு நான் எடுத்த படம்தான். அதில் குத்துவிளக்கு துல்லியம். தாய்மாமனின் சட்டைப்பையில் இருந்த பேனா துல்லியம். பாட்டியின் முகமும் கையும் தண்ணீரில் கரைத்த மாதிரி இழுபட்டிருந்தன. கம்ப்யூட்டரில் படத்தின் விவரங்களைத் திறந்தால் காரணம் எழுதியே இருந்தது. மோட்: ஆட்டோ. ஷட்டர்: 1/10 விநாடி.

விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் சுவரும் விளக்கும் நகராது, படத்தில் பழுதில்லை. குனிகிற பாட்டி அதற்குள் இரண்டு அங்குலம் நகர்ந்துவிடுவார். மங்கலான கூடத்தில் பல கேமராக்களின் ஆட்டோ மோட் முதலில் செய்வது, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து வெளிச்சத்தைச் சேகரிப்பது. அதன் கணக்கில் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். எதிரே இருப்பது கோயில் தூணா, காது குத்தப்படும் பிள்ளையா என்பதைப் பெரும்பாலும் அது ஊகிக்கத்தான் முடியும். இப்போது வரும் கேமராக்கள் முகத்தை அடையாளம் கண்டுகொள்கின்றன, உண்மை. ஆனால் அடுத்த விநாடி அந்த முகம் குனியப்போகிறது என்பது வீட்டாருக்குத்தான் தெரியும்.

மோட் என்பது புதிய சங்கதி அல்ல. ஒரு தலைமுறைக்கு முன் நம் வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் 3 பெட்டியில் சூரியன் படமும் மேகம் படமும் போட்ட ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். வெயிலா, மப்பா? அவ்வளவுதான் கேள்வி. ஒரு சுருளுக்கு 12 படம். ஊட்டியில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் பிலிமை மாட்டி, ஒவ்வொரு படத்துக்கும் யோசித்துத்தான் விரலை அழுத்துவார்கள். 1976இல் வந்த கேனான் ஏஇ-1, ஷட்டர் வேகத்தை நாம் சொன்னால் மற்றதைத் தானே பார்த்துக்கொண்டது. 1978இல் வந்த ஏ-1இல் 'பி' என்ற எழுத்து சேர்ந்தது. இரண்டையுமே கேமரா பார்த்துக்கொள்ளும். இன்றைய கேமராவின் தலையில் இருக்கும் வட்டத் திருகில் பி, ஏ, எஸ், எம் என்றிருப்பவை அந்த வம்சம்தான். கேனானில் ஏ, எஸ் இரண்டும் 'ஏவி', 'டிவி' என்ற பெயரில் இருக்கும்.

விசேஷ வீட்டில் இவற்றில் எது? ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் என் ஓட்டு 'எஸ்' மோடுக்கு. அசைவுதான் நம் விசேஷங்களின் உயிர். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, ஆரத்தி சுற்றுவது, அட்சதை எறிவது, எதுவுமே நின்று போஸ் கொடுக்காது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/125 விநாடி போதும். மாலை மாற்றுவதற்கும் காது குத்துவதற்கும் 1/250. பந்தலில் ஓடுகிற பிள்ளைகளுக்கு 1/500. இதை வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிட வேண்டும். இருட்டுக் கூடத்தில் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறும், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பயந்துதான் பலர் இதைச் செய்வதில்லை. புள்ளி விழுந்த முகத்தைப் பார்த்தால் யார் என்று தெரியும். கலைந்துபோன முகத்தை எந்த சாப்ட்வேரும் முழுசாக மீட்டுத் தராது. ஊகித்து வரைந்து தரும், அது பாட்டியின் முகமாக இருக்காது. அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குப் படுவதும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 சைக்கிள். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி சரங்களும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண் அதைக் காணாது, வேகமான ஷட்டர் கண்டுவிடும். படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் அதுதான் காரணம். சத்தமில்லாமல் எடுக்கும் 'சைலண்ட்' மோடில் இது இன்னும் அதிகம். அப்படிப்பட்ட மண்டபத்தில் 1/100க்கு இறங்கிவிடுவது நல்லது. கேமராவில் இந்தத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடலாம்.

குரூப் போட்டோ வேறு கதை. அங்கே எல்லோரும் அசையாமல் நிற்பார்கள் (மாப்பிள்ளையின் நண்பர்கள் நீங்கலாக). இதற்கு 'ஏ' மோட். எஃப் 2 என்று லென்ஸை அகலத் திறந்து வைத்தால் முன்வரிசையில் நாற்காலியில் இருக்கும் பெரியவர்கள் பளிச்சென்றும் பின்வரிசை மருமகள்கள் மங்கலாகவும் இருப்பார்கள். குடும்பத்தில் பிரச்சினை கிளப்ப இது போதும். எஃப் 5.6, இடமிருந்து வெயிலும் இருந்தால் எஃப் 8. செல்போனில் எடுப்பவர்கள் நெருங்கி நின்று அகலக் கோணத்தில் எடுக்காமல் பத்தடி பின்னால் போவது உத்தமம். அகலக் கோணத்தின் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா, இருப்பதைவிடப் பருமனாகத் தெரிவார்.

செல்போனின் மோடுகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று முக்கால்வாசிப் படங்கள் அதில்தான். 2018இல் கூகுள் பிக்ஸலிலும் 2019இல் ஐபோன் 11இலும் வந்த இரவு மோட் ஓர் அற்புதம்தான். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டை வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. மறையூர் முனியறைகளை நிலா வெளிச்சத்தில் எடுக்க அதைவிட நல்லது இல்லை. அந்தக் கற்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அசையாதவை. தாலி கட்டும் நேரத்தில் அதே மோடைப் போட்டால் மாப்பிள்ளைக்கு மூன்று கை முளைக்கும். போர்ட்ரெய்ட் மோட் பின்னணியை மங்கலாக்குகிறது, நல்லதுதான். ஆனால் முகம் எங்கே முடிகிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் வெட்டுகிறது. ஜிமிக்கியின் ஓரம், மல்லிகைச் சரத்தின் கடைசிப் பூ, காற்றில் பறக்கும் முடி எல்லாம் அந்த வெட்டில் போய்விடும். காதுகுத்தில் காதே போனால் எப்படி? அசையும் சடங்குக்குச் செல்போனில் இரண்டே வழி: சாதாரண மோடில் பட்டனை அழுத்திப் பிடித்தோ இழுத்தோ சரமாரியாக எடுப்பது. அல்லது 'ப்ரோ' மோட் இருந்தால் ஷட்டரை நாமே வைப்பது.

ஃபிளாஷ்? நேராக அடித்தால் பட்டுச் சேலையின் ஜரிகை வெள்ளையாக எரியும், ஹோமப் புகை வெண்திரையாக நிற்கும். தொழில்காரர்கள் ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடிப்பார்கள். வெள்ளைக் கூரைக்கு அது சரி. சிவப்புத் துணி கட்டிய பந்தலில் அப்படி அடித்தால் மணமக்கள் கோபத்தில் இருப்பது போல் சிவந்துபோவார்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பகல் வெளிச்சத்திலேயே முகம் நீலம் பாரிக்கும். மலையூர்களில் பந்தல் என்றால் பாதி நேரம் அந்தத் தார்ப்பாய்தான். அங்கே நிறத்தை ஆட்டோவில் விடாமல், ஒரு வெள்ளை வேட்டியைக் காட்டி நிறச் சமநிலையை வைத்துக்கொள்ள வேண்டும்.

வேட்டி என்றதும் இன்னொன்று. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று வந்தால் 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். விளைவு, நம் கறுத்த முகம் இன்னும் கறுக்கும். கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பிலிம் காலத்தில் இதன்மேல் இன்னோர் அநீதியும் இருந்தது. கோடக்கின் வண்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரிப் படத்தில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். கறுத்த தோல்களைச் சரியாகக் காட்டுவதற்கென்று கூகுள் தன் பிக்ஸல் 6இல் தனியாக முயற்சி எடுத்தது 2021இல்தான். எந்த மோடிலும் பிளஸ், மைனஸ் என்று ஒரு திருத்தம் இருக்கும். வெள்ளை வேட்டிக் கூட்டத்துக்கு பிளஸ் 0.7 அல்லது 1. செல்போனில் முகத்தின்மேல் விரலை வைத்து, வரும் சூரியனை மேலே இழுத்தால் அதே வேலை.

பிறந்தநாள் வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றியதும் யாராவது ஓடிப்போய் எல்லா விளக்கையும் அணைப்பார். அவரைத் தடுத்து, பக்கத்து அறை விளக்கு ஒன்றையாவது எரிய விடச் சொல்லுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, 1/60 விநாடியில், பிள்ளை ஊதுவதற்காகக் கன்னத்தை உப்பி நிறுத்துகிற அந்த நொடியில் எடுத்தால் படம் விழும். மாலையில் சீரியல் லைட் போட்ட முற்றத்தில், 'இரவு உருவப்படம்' என்ற மோட் கைகொடுக்கும். ஃபிளாஷ் முகத்தைப் பிடித்துக்கொள்ள, ஷட்டர் இன்னும் சிறிது நேரம் திறந்திருந்து விளக்குகளைச் சேர்க்கும். ஃபிளாஷ் அடித்ததும் நகர்ந்துவிடாமல் நிற்கச் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் விசேஷ நேரத்தில் திருகிக்கொண்டிருக்க முடியாது. முந்தின நாள் மாலை, மாவிலை கட்டும்போதே, மணை போடப்போகும் இடத்தில் ஒரு பையனை உட்கார வைத்து, எரியப்போகும் விளக்குகளையெல்லாம் எரியவிட்டு, நான்கு படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கல்யாண போட்டோகிராபர்கள் பலர் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து மண்டபத்தில் சும்மா சுற்றுவது போல் தெரிவதும் இதற்காகத்தான்.

சென்ற தையில் அதே கூடத்தில் இளைய பிள்ளைக்குக் காது குத்தினார்கள். 'எஸ்' மோட், 1/250, ஐஎஸ்ஓ 6400. கம்பி காதைத் தொடும் படம், வாய் திறந்து அழும் படம், வெல்லம் வைக்கும் படம் மூன்றும் விழுந்தன. வெல்லம் வைத்தது இந்த முறை அத்தை. அவருக்குப் பின்னால் சுவரில், சட்டம் போட்ட பாட்டி படம் தெரிகிறது. அந்தக் கலங்கிய படம்தான். வேறு இல்லாததால் அதையே பெரிதுபடுத்தி மாட்டிவிட்டார்கள்.