வெல்ல ஆலையின் திறனும் சந்தையின் தேவையும்

கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சும் விவசாயிகளுக்குக் கழனியில் கண்ட இலாபம் ஆலைக் கொட்டகையில் கரைந்து போவதுண்டு. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் ஆட்டிவிடுதல் நலம். அதற்குமேல் கிடப்பின் எடை குறையும். சாற்றிலுள்ள சர்க்கரையும் சிதையும். வெல்லம் கெட்டிப்படாமல் இளகி, விலையும் தாழும். ஆதலின், எவ்வளவு வெட்டுவது என்பதை ஆலையின் திறன் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

திறனை அளத்தல்: ஆலை என்பது இயந்திரம் மாத்திரமன்று, வெட்டும் ஆட்கள், ஆட்டும் இயந்திரம், காய்ச்சும் கொப்பரை, எரிக்கும் சக்கை ஆகிய நான்கும் சேர்ந்ததே ஆலை. இவற்றுள் எது மிகக் குறைவாக வேலை செய்கிறதோ, அதன் அளவே ஆலையின் அளவாகும். உதாரணமாக, ஓர் இயந்திரம் நாளொன்றுக்கு 8 டன் கரும்பு ஆட்டக்கூடியதென்றும், கொப்பரையில் ஒரு தடவைக்கு ஒரு டன் கரும்பின் சாறு வீதம் நாளைக்கு 4 தடவைதான் காய்ச்ச முடியுமென்றும் கொள்வோம். அவ்வாலையின் திறன் 4 டன்னே. ஏக்கருக்கு 40 டன் விளையுமாயின் ஓர் ஏக்கருக்குப் பத்து நாள் செல்லும். மாதத்தில் 25 நாள் வேலை நடப்பின் இரண்டரை ஏக்கரே முடியும். கரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு வெல்லம் எனக் கொண்டால், கிடைப்பது 10 டன்.

தேவை உயருங்கால்: பொங்கலுக்கு முன் வெல்லம் மிகுதியாக விலைபோகும். தைப்பூசக் காலத்தில் பழநிப் பஞ்சாமிர்தத்திற்கு நாட்டுச் சர்க்கரையும் வேண்டியிருக்கிறது. அது கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொள்முதல் செய்யப்படுகிறது. அம்மாதத்தில் இருமடங்கு காய்ச்ச விரும்புவோர் புதிய இயந்திரம் வாங்கக் கடன் படுதல் வீண். மேற்கண்ட ஆலையில் குறைவுபட்டது இயந்திரமன்று, கொப்பரையே. மற்றோர் அடுப்பும் கொப்பரையும் அமைத்து, காய்ச்சுவதற்கு ஆட்களும் கூட்டினால் 8 டன்னும் முடியும். ஆனால், வடகிழக்குப் பருவமழையில் சக்கை நனைந்துவிடின் இரண்டு அடுப்பும் அணையும். ஐப்பசிக்கு முன்னரே உலர்ந்த சக்கையை மேட்டுக் கொட்டகையில் சேமித்தல் அவசியம்.

முன்னதாகக் காய்ச்சி இருப்பு வைப்பதும் ஒரு வழியே. ஆயினும் வெல்லம் ஈரக்காற்றில் நீர் உறிஞ்சிக் கசியும். நன்கு உலர்ந்த அறை இல்லாதார் இதனை மேற்கொள்ளலாகாது.

காலத்தைக் கணித்தல்: ஆட்களை ஒரு வாரத்தில் கூட்டலாம், அடுப்பை ஒரு மாதத்தில் கட்டலாம், கரும்போ முதிர ஏறக்குறைய ஓராண்டு செல்லும். ஆகவே வரும் பொங்கலுக்கான கரும்பு சென்ற மார்கழியிலேயே நடப்பட்டிருத்தல் வேண்டும். நடவை ஒரே சமயத்தில் செய்யாமல் மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். மறுதாம்புக் கரும்பு சற்று முன்னதாகவே முதிருமாதலால், அதனை முதலில் வெட்டும்படி ஏற்பாடு செய்தல் நன்று.

சென்ற பொங்கலில் விலை உயர்ந்ததென்று எல்லோரும் நடவை இரட்டித்தால், அடுத்த பொங்கலில் வெல்லம் குவிந்து விலை வீழ்வது இயல்பு. சாதாரண மாதங்களுக்கு ஒரு கொப்பரையின் அளவிற்கே நட்டு, பொங்கல் மாதத்திற்கு மட்டும் இரண்டாம் கொப்பரையின் அளவைக் கூட்டிக்கொள்ளுதல் தக்கது. அதற்கும் மேற்பட்டு நட விரும்புவோர், நடுவதற்கு முன்னரே சர்க்கரை ஆலையில் கரும்பைப் பதிவு செய்துகொள்வார்களாக.