அம்மா நாய் எங்கே?

பெருங்களத்தூரில், ஜிஎஸ்டி சாலை ஓரத்து டீக்கடை ஒன்றின் முன்னால்தான் என் மைத்துனர் அந்த லேப்ரடார் குட்டியை வாங்கினார். "கெனல் ரொம்ப உள்ளே சார், நீங்க எதுக்கு அலையணும், நானே கொண்டு வந்துடறேன்" என்று விற்றவர் அன்பாகத்தான் சொல்லியிருந்தார். பைக் டேங்க் மேல் ஓர் ஆப்பிள் பெட்டி. பக்கவாட்டில் பேனாவால் குத்திய ஆறேழு ஓட்டைகள். மூடியைத் திறந்ததும் ஃபினாயில் வாடை. கசங்கிய செய்தித்தாள் மேல், கையளவுக் குட்டி ஒன்று தூக்கக் கலக்கத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய் ஜிபேயில் போனது. பைக்கும் போனது.

மூன்றாம் நாள் குட்டி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நான்காம் நாள் வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும். மலத்தைக் கிட்டில் சோதித்துப் பார்த்த மருத்துவர் பார்வோ என்றார். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ஆறாம் நாள் விடியற்காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. விற்றவருக்குப் போன் போட்டால், "நாங்க கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, உங்க வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல சார்" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டு வாயடைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் வாயடைக்க வேண்டியதில்லை. பார்வோ வைரஸ் உடம்புக்குள் போன பிறகு நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். சில நேரம் 14 நாள் வரைகூட இழுக்கும். வாங்கிய மூன்றாம் நாளே சுருண்டுவிட்ட குட்டி அந்த வைரஸை வாங்கியவர் வீட்டில் பிடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெட்டிக்குள் ஏறும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது. பத்தாம் நாள் என்றால் வழக்காடலாம். மூன்றாம் நாள் என்றால் விற்றவர் பக்கம் பேச அதிகம் இல்லை.

குட்டியின் நிறம், காது, எடை, ஆணா பெண்ணா என்று என் மைத்துனர் பத்துக் கேள்வி கேட்டிருந்தார். கேட்காமல் விட்டது ஒன்றைத்தான். இதன் அம்மா எங்கே?

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். பெண் பார்க்கிற விஷயத்தில் அந்தப் பழமொழி எவ்வளவு சரியோ தெரியாது, நாய் வாங்குகிற விஷயத்தில் அட்சர சுத்தம். ஐந்து வாரக் குட்டி எதுவும் அழகாகத்தான் இருக்கும். நோயுள்ள குட்டியும் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நமக்குத் தெரியப்போவது மிகக் கொஞ்சம். தாயைப் பார்த்தால் அதன் குணம் தெரியும், அதற்குக் கிடைக்கும் சாப்பாடு தெரியும், கட்டிப்போட்டிருக்கும் இடம் தெரியும், வைத்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும்.

பால் கொடுக்கும் நாயின் வயிறு பொய் சொல்லாது. காம்புகள் தொங்கியிருக்கும், சுற்றிலும் குட்டிகளின் நகம் கீறிய கோடுகள் இருக்கும். உடம்பு வற்றியிருக்கும், முடி கொட்டிக்கொண்டிருக்கும். பளபளவென்று, ஒட்டிய வயிற்றோடு ஒரு நாயைக் கூட்டி வந்து "இதுதான் சார் மதர்" என்றால், அது எந்த ஈத்துக்கு மதரோ, உங்கள் கையில் இருக்கும் குட்டிக்கு அல்ல. சந்தேகம் இருந்தால் குட்டியைக் கீழே விட்டுப் பாருங்கள், பாலுக்கு ஓடுகிறதா என்று. அப்பா நாய் அங்கே இல்லாமல் இருப்பதில் தவறு ஒன்றுமில்லை. மேட்டிங்குக்கு ஸ்டட் நாயை வெளியிலிருந்து ஏற்பாடு செய்வது வழக்கம்தான். தாய் இல்லையென்றால் மட்டும் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஏனென்றால், தாயைக் காட்ட முடியாதவர் பல நேரங்களில் பிரீடரே அல்ல, புரோக்கர். நாலு இடத்தில் நாலு ஈத்துக் குட்டிகளை வாங்கி ஒரே கூண்டில் போட்டு விற்கிறவர். ஓர் ஈத்தில் வந்த கிருமி அங்கேதான் மற்ற மூன்று ஈத்துக்கும் பரவும். இன்னொரு வகை, நிஜமாகவே தாய் வைத்திருந்தும் காட்ட முடியாத நிலையில் வைத்திருப்பவர். பெண் நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்திக்கொண்டே போனால் அந்த உடம்பு என்ன ஆகும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

35 நாள் குட்டி

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் இதையெல்லாம் யோசித்தே எழுதப்பட்டவை. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிரம்பாத நாயையும் 8 வயதைத் தாண்டிய நாயையும் சினைப்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்து, ஆயுளுக்கு ஐந்து ஈத்து, அதற்கு மேல் இல்லை. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் குட்டிக்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும்.

இனி விளம்பரங்களைப் பாருங்கள். "35 நாள் குட்டி, டெலிவரி உண்டு." சட்டத்தை மீறுவதை விளம்பரத்திலேயே போட்டுக்கொள்ளும் தொழில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த 35 நாளுக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. ஐந்து வாரம் வரை குட்டியை வளர்ப்பது தாய். அதன் பால்தான் சாப்பாடு. அதற்குப் பிறகு வளர்ப்பது பிரீடரின் பாக்கெட். எட்டுக் குட்டிகளுக்குத் தீனி, பூச்சி மருந்து, தடுப்பூசி. போதாததற்கு, தாயின் சீம்பாலோடு வந்த எதிர்ப்பு சக்தி வடிய ஆரம்பிக்கும் நேரமும் இதுதான். நோய் தொற்றினால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்வியில், எட்டு வாரம் வைத்திருந்தால் பிரீடருக்கு, 35 நாளில் தள்ளிவிட்டால் உங்களுக்கு.

தாயிடமிருந்து வந்த அந்த எதிர்ப்பு சக்திக்கு இன்னொரு குணமும் உண்டு. அது உடம்பில் வலுவாக இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எந்த வாரம் அது வடியும் என்று சொல்ல முடியாததால்தான் 6–8 வாரத்தில் முதல் ஊசி போட்டு, 3–4 வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஆகவே "35 நாள்தான் ஆகுது, ஆனா ரெண்டு ஊசியும் போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால், ஒன்று வயது பொய், இல்லை ஊசி பொய், இல்லை இரண்டும் பொய். மைத்துனருக்குக் கொடுத்த தடுப்பூசி அட்டையில் பேனாவால் எழுதிய ஒரு தேதியும் ஒரு கிறுக்கலும்தான் இருந்தன. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. இந்த மூன்றும் இல்லாத அட்டை வெறும் அட்டை.

வயதைச் சரிபார்க்க வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28-ம் ஏறக்குறைய வந்திருக்கும். முன்பற்கள் மட்டும் அரிசி போல எட்டிப் பார்த்து, கடைவாயில் வெறும் ஈறு தட்டுப்பட்டால் "ரெண்டு மாசம் ஆச்சு சார்" என்பது கதை.

டபுள் கோட், பஞ்ச் ஃபேஸ்

இந்தத் தொழிலுக்கென்று ஒரு தனி அகராதி இருக்கிறது. "டபுள் கோட் லேப்" என்று நாலாயிரம் கூட்டிக் கேட்பார்கள். லேப்ரடார் என்றாலே இரட்டை ரோம அடுக்குதான். அது அந்த இனத்தின் இலக்கணம். நாலு கால் உள்ள மாடு என்று சொல்லி விலையைக் கூட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. "பஞ்ச் ஃபேஸ்" (அமுங்கிய அகல முகம்), "ஹெவி போன்" (கனத்த எலும்பு) எல்லாம் இதே ரகம். "டீகப்" என்றொரு இனம் கிடையாது. ஈத்திலேயே சவலையாகப் பிறந்ததையும் வயது குறைந்ததையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். அவ்வளவு சின்ன உடம்பில் ஒரு வேளை சாப்பாடு தவறினாலே சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

நம் ஊர் இனங்களுக்கும் இந்த அகராதி வந்துவிட்டது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ராஜபாளையம் ஒன்று. 2020 ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். பெருமைதான். ஆனால் பெருமை ஏற ஏற, விற்பவருக்கு வெள்ளை இன்னும் வெள்ளையாக வேண்டும், மூக்கு இன்னும் ரோஜா நிறமாக வேண்டும். ராஜபாளையத்தில் அந்தப் பால் வெள்ளையோடு சேர்ந்து செவிட்டுத் தன்மையும் வரக்கூடும். நெருங்கிய உறவில் இணைசேர்க்கச் சேர்க்க அது கூடும். குட்டிக்குப் பின்னால் நின்று, அது பார்க்காதபோது சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. உடன்பிறந்தவை எல்லாம் திரும்பி, உங்கள் குட்டி மட்டும் திரும்பவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம்.

பேப்பர் விஷயம் தனி. 1896-ல் தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழைத்தான் "கேசிஐ பேப்பர்" என்கிறார்கள். அது பரம்பரையைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், அதற்குப் பெற்றோரின் எக்ஸ்ரேயைத்தான் கேட்க வேண்டும். சான்றிதழில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பார்க்காதவரை அந்தப் பேப்பர் எந்த நாயுடையதாகவும் இருக்கலாம். "பேப்பர் பின்னாடி போஸ்ட்ல வரும் சார்" என்ற வாக்கியத்துக்குப் பதில் சொல்லவே வேண்டாம்.

குட்டியே இல்லாமல் நடக்கும் வியாபாரமும் உண்டு. யாரோ ஒருவரின் நாய்ப் படம், நம்ப முடியாத விலை, டோக்கன் அட்வான்ஸ். பிறகு வண்டி வாடகை, கூண்டுக்கு டெபாசிட், "திருப்பிக் கொடுத்துடுவோம்" என்ற இன்ஷூரன்ஸ் என்று பணம் கறந்துகொண்டே போவார்கள். உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக் குட்டிக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ காலில் காட்டச் சொன்னால் பெரும்பாலும் சிக்னல் போய்விடும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

இன்னொரு குட்டி தர்றேன்

என் மைத்துனர் சண்டை போட்ட பிறகு விற்றவர் இறங்கி வந்தார். "சரி சார், வேற குட்டி தர்றேன்." நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அது அதே கூண்டிலிருந்து வரும் குட்டி. வரப்போவது பார்வோ குட்டி செத்த வீட்டுக்கு. இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், ஓராண்டுவரைகூடக் கிடக்கும். நாம் அள்ளி ஊற்றும் ஃபினாயிலுக்கு அது சாகாது, ப்ளீச்சுக்குத்தான் சாகும். மண் தரையை அப்படிக் கழுவவும் முடியாது. தடுப்பூசி முடியாத குட்டியைச் சில மாதமாவது அந்த வீட்டுக்குள் விடக் கூடாது. மைத்துனர் பணத்தைத்தான் கேட்டார். விற்றவர் அவர் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

இங்கே நம் கையில் இருப்பது நுகர்வோர் சட்டம். "நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் நோயுள்ள குட்டியை விற்ற பொறுப்பு போய்விடாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய பதிவு, தேதியும் நேரமும் போட்ட மருத்துவச் சீட்டு, அந்தச் சோதனைக் கிட்டின் படம் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். குட்டி இறந்துவிட்டால் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறுநாள் சொல்லிப் பயனில்லை.

விலங்கு வதைச் சட்டத்தை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு தகவல். 1960-ல் வந்த அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசு.

கூண்டில் நடுங்கும் குட்டியைப் பார்த்துப் பாவப்பட்டு வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். மனசு நல்ல மனசுதான். காலியான இடத்தில் அடுத்த வாரம் இன்னொன்று நடுங்கும். அதற்கான முதலைக் கொடுத்தவர் நீங்கள். அந்த இடத்தைப் படம் எடுத்து விலங்கு நல வாரியத்துக்கு அனுப்புவது குட்டிக்கும் அதன் தாய்க்கும் செய்யும் கூடுதலான உதவி.

ஓராண்டு கழித்து, இந்தமுறை கன்னி வேண்டும் என்று மைத்துனர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். வேப்பமரத்தடியில் தாய் நாய் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிய, காம்பெல்லாம் கீறலோடு, ஐந்து குட்டிகளும் மேலே ஏறி மிதிக்க மிதிக்க அசையாமல் கிடந்தது. அந்த வீட்டு அம்மா நாங்கள் கேட்பதற்கு முன்பே எங்களைக் கேட்க ஆரம்பித்தார்.

"சொந்த வீடா, வாடகையா?"

"வாடகைதான்மா. மாடி வீடு."

"வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டீங்களா? பகல்ல யாரு இருப்பாக? இது ஓடுற சாதி தம்பி, நாள் பூரா கட்டிப்போட்டா கிறுக்குப் பிடிச்சிரும். யாரு ஓட்டிட்டுப் போவா?"

நேர்காணலுக்குப் போன பையன் மாதிரி மைத்துனர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு பாக்கெட்டைத் தொட்டு, அட்வான்ஸ் எவ்வளவு தரட்டும் என்றார்.

"அதெல்லாம் வேண்டாம். இன்னும் பால் மறக்கல. இருபது நாள் கழிச்சு வாங்க, வீட்டுக்காரங்ககிட்டயும் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, தாய் நாய்க்குக் கம்பங்கூழ் ஊற்ற உள்ளே போனார்.