பூனை உணவும் டப்பாச் சீட்டும்

நாய்க்கென வாங்கிய உணவில் ஒரு பிடியைப் பூனைக்கும் இடுவது பல இல்லங்களில் வழக்கமாக உள்ளது. இரண்டும் வீட்டுப் பிராணிகளே, ஒரே உணவு போதும் என்பது எண்ணம். உடலியல் இதனை ஒப்புவதில்லை. நாய் பலவகை உணவுகளை உண்டு வாழ வல்லது. பூனையோ ஊனையே நம்பியுள்ள பிராணி. காரட்டிலுள்ள கரோட்டினை வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றும் ஆற்றலும் அதற்கு இல்லை.

டாரின் என்னும் பொருளின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1827ஆம் ஆண்டில் எருதின் பித்தநீரிலிருந்து இது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நாய் இதனைப் பெரும்பாலும் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனை ஆக்குவது மிகச் சொற்பம். பித்தநீரின் வழியே அது இழப்பதோ இடையறாதது. பாற்புரதமாகிய கேசினை மட்டும் புரதமாகப் பெற்ற பூனைகளின் விழித்திரை டாரின் குறைவால் சிதைவதை 1975இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியானும் அவர் குழுவினரும், பூனைகளின் இருதயத் தசை தளர்ந்து விரிவடையும் நோய்க்கும் இக்குறைவே காரணமாகலாம் என்று காட்டினர். டாரின் அளித்தபின் பல பூனைகளின் இருதயம் மீண்டும் வலுப்பெற்றது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அப்பூனைகள் உண்டவை மட்டமான உணவுகள் அல்ல. அன்று பரிந்துரைக்கப்பட்ட அளவு டாரின் அடங்கிய கடை உணவுகளே. டப்பாவில் அடைத்து வெப்பமூட்டிய உணவை உண்ணும் பூனையின் குடலில் நுண்ணுயிர்கள் டாரினை மிகுதியாக அழிக்கின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆதலால் இன்றைய அமெரிக்க அளவுகோல், ஈரம் நீக்கிய எடையில், உலர் உணவுக்கு 0.1 சதவீதமும் டப்பா உணவுக்கு 0.2 சதவீதமும் டாரின் வேண்டும் என்கிறது.

வாங்குவோர் உறையின் படத்தைவிடச் சீட்டின் சிற்றெழுத்துகளை நோக்குதல் நலம். ‘கம்ப்ளீட்’ என்றிருப்பின் அது முழு உணவு. ‘காம்ப்ளிமென்டரி’ என்றிருப்பின் துணை உணவு மட்டுமே. ஒலி ஒத்திருப்பதால் மயங்குவோர் உளர்.

புரத அளவிலும் ஏமாற இடமுண்டு. ஓர் உலர் உணவில் புரதம் 32 சதவீதம், ஈரம் 10 சதவீதம். ஒரு டப்பா உணவில் புரதம் 10, ஈரம் 78 என்று கொள்வோம். முன்னது மேலெனத் தோன்றும். ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், முன்னதில் 90 பங்கில் 32, அதாவது ஏறத்தாழ 36 சதவீதம். பின்னதில் 22 பங்கில் 10, அதாவது 45 சதவீதம். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் சதவீதக் கணக்காகவே கொடுக்கலாம். வளர்ந்த பூனைக்கு அமெரிக்க அளவுகோல் விதிக்கும் குறைந்த அளவு 26 சதவீதம், குட்டிக்கு 30.

பூனைக்குத் தாக உணர்ச்சி குறைவு. சிறுநீர்த் தொல்லையுள்ள பூனைக்கு ஈர உணவு ஏற்றது. சிறுநீரக நோயுற்றதற்குரிய உணவைக் கால்நடை மருத்துவரே குறிக்க வேண்டும்.

புதிய உணவை ஏழு முதல் பத்து நாட்களில் பழையதுடன் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குக. பசித்தால் தானே உண்ணும் என்று பட்டினியிடுதல் கூடாது. கொழுத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து நேரும்.